ஓடும் வீட்டுக்கு வெல்க்ரோ ஒட்டுகிறேன்

நகரும் வீட்டுக்குள் ஆணி அடிக்க முடியாது. எனக்கு இந்த ஊரில் வேலை கிடைத்தது அந்த ஒரே காரணத்தால்தான்.

டிராவல் டிரெய்லர் என்பது பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சின்னக் குளியலறை, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்ட சாப்பாட்டு மேசை எல்லாம் இருக்கும். சுவர்தான் இருக்காது. சுவர் என்று அவர்கள் சொல்வது அப்பளத்தை விடக் கொஞ்சம் தடிமனான பலகை, அதன்மேல் பூப்போட்ட காகிதம். ஆணி அடித்தால் அந்தப் பக்கம் டெக்சாஸ் தெரியும். அதனால் திரைச்சீலை, பெஞ்சு மெத்தை, டிவி ரிமோட், முதலுதவிப் பெட்டி என்று சகலத்தையும் வெல்க்ரோ பட்டையால் பிடித்து வைத்திருப்பார்கள். குழந்தைகளின் ஷூவில், டாக்டர் கையில் சுற்றுகிற பிரஷர் பட்டையில் 'பர்ர்'ரென்று பிரிகிறதே, அதேதான். ஒரு பட்டை சொரசொரப்பு, ஒரு பட்டை மெத்து. இரண்டுக்கும் முதுகில் பசை.

அந்தப் பசைக்கு ஆஸ்டின் வெயில் ஆகாது. பூட்டிக் கிடக்கிற டிரெய்லருக்குள் மே மாதமே இட்லி அவிக்கலாம். பசை இளகி, பட்டை நழுவி, திரை தரைக்கு வந்துவிடும். பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டுவது என் வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. குளியலறைச் சுவரில் நீங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் கொக்கி, கண்ணெல்லாம் ஷாம்பூ நுரையாக இருக்கும் நேரம் பார்த்து, துண்டோடு தடாலென்று விழுந்திருக்கிறதா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், உட்காருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. வெல்க்ரோவை வைத்துக் குடும்ப வாழ்க்கைக்குத் தத்துவம் சொல்லக் கூடாது. வாரத்துக்கு ஒருத்தராவது சொல்லிவிடுகிறார்கள்.

சுவரும் கூடவே வந்தது

கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து ஒன்பது வருஷம் வீட்டில் இருந்த பிறகு, எனக்கென்று வேலை செய்யும் அனுமதி அட்டை வந்தது. நான் படித்தது ஈரோட்டில் பி.காம். இங்கே அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள். ரான் மட்டும் சிரிக்கவில்லை. ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக் ஊருக்கு வடக்கே அவருக்கு ஒரு டிரெய்லர் யார்டு இருக்கிறது. பழுது பார்ப்பார், நிறுத்தி வைக்க இடம் கொடுப்பார். அறுபது வயது தாண்டிய மனுஷர். விரல் ஒவ்வொன்றும் வாழைக்காய் கனம். அந்த விரல்களால் அரை அங்குலப் பட்டையின் பின்தாளை உரிக்க முடியாது. என் விரல்களைப் பார்த்தார், திங்கட்கிழமை வரச் சொன்னார். இன்டர்வியூ முடிந்தது.

முதல் நாள் முதல் டிரெய்லர். ஜன்னலுக்கு மேலே பழைய பட்டை ஒன்று பாதி தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சத்தைப் பிடித்து, பிளாஸ்திரி பிய்க்கிற மாதிரி ஒரே இழுப்பு இழுத்தேன். பட்டை வந்தது. அதோடு சுவர்க் காகிதமும் வந்தது, ஒரு மாங்காய் அளவுக்கு, மாங்காய் வடிவத்திலேயே. ஹேர் டிரையரால் ஒரு நிமிஷம் சூடு காட்டி, பழைய கிரெடிட் கார்டை அடியில் செலுத்தி, மெதுவாகப் படுக்கவைத்து உரிக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ரான் வந்தார். தொப்பியைக் கழற்றினார். மாங்காயைப் பார்த்தார். நான் மனதுக்குள் ராஜினாமா வசனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சொன்னார்:

"அடுத்த தடவை பட்டையை மட்டும் எடு. டிரெய்லரை விட்டுடு."

ஒரு அங்குலக் கொசுறு

மாலதி சிடார் பார்க்கில் இருப்பவள். தமிழ்ச் சங்கத்தில் பழக்கம். அவர்கள் டிரெய்லரில் சாப்பாட்டு மேசை பெஞ்சின் முதுகு மெத்தை ஒவ்வொரு பிரேக்குக்கும் கழன்று விழுந்தது. நான் போய்ப் பலகையில் சொரசொரப்புப் பட்டையும் மெத்தையில் மெத்துப் பட்டையும் புதிதாக ஒட்டினேன். சுருளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காய் வாங்கினால் கொத்தமல்லி கொசுறு கேட்டு வளர்ந்தவள் நான். தெரிந்தவளுக்குச் செய்கிறோம், மீதியை வெட்டி எறிவானேன் என்று பலகையில் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாகவே ஒட்டிவிட்டேன். மெத்தை முடிகிற இடத்தைத் தாண்டி அந்த ஒரு அங்குலம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் நாத்தனார் மகன் கல்யாணம், ஹூஸ்டனில். டிரெய்லரிலேயே போய் இறங்கி, டிரெய்லரிலேயே புடவை கட்டிக்கொண்டு, மாலதி அந்த பெஞ்சில் உட்கார்ந்து நகர்ந்திருக்கிறாள். அரக்கு நிறக் காஞ்சிபுரம். முந்தானை அங்கேயே நின்றுவிட்டது, மாலதி மட்டும் நகர்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை புடவையை ஹேங்கரில் போட்டுக் கொண்டுவந்து, என் வீட்டு சோபாவில் விரித்தாள். ஜரிகை ஒரு சாண் நீளத்துக்கு இழுபட்டு, மீசை மீசையாக நின்றது. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்ல வசந்தி" என்றாள். நான் ஊசி டப்பாவைத் தேடப் போனேன்.

இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பின்பக்கம் இழுத்துவிட்டேன். முன்னால் பார்த்தால் தெரியாது, பின்னால் பார்த்தால் தெரியும். மாலதி பின்னாலும் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்:

"வசந்தி, அடுத்த தடவை எனக்கு ஒரு இன்ச் குறைச்சலாவே குடு. நான் சண்டைக்கு வர மாட்டேன்."

இருபத்துநாலு மணி நேரம்

பட்டையை ஒட்டிவிட்டு ஒரு முழு நாள் அதன்மேல் எதையும் மாட்டக் கூடாது. பசை இறுகுவதற்கு அவ்வளவு நேரம் வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக்கடன் முப்பது வருஷம் கட்டச் சொன்னால் கையெழுத்துப் போடுவார்கள், நிரந்தரமாகத் தங்கவிடுகிற பச்சை அட்டைக்குப் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருப்பார்கள். ஒரு நாள் காத்திருக்கச் சொன்னால்தான் முகம் மாறும்.

ராகவன் ஒரு மென்பொருள் கம்பெனியில் புராஜெக்ட் மேனேஜர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். சனிக்கிழமை காலையில் குடும்பத்தோடு கிளம்புகிறார்களாம், திரை அத்தனையும் கீழே கிடக்கிறதாம். போய் ஒட்டினேன். "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் திரையை மாட்டாதீங்க" என்றேன். எக்ஸ்பெடைட் பண்ணி, கொஞ்சம் சீக்கிரம் முடிக்க முடியுமா என்றார். பசைக்கு அதெல்லாம் தெரியாதுங்க என்றேன். காலையில் எட்டு ஜன்னலுக்குப் பதிலாக நாலு ஜன்னலுக்கு மட்டும் திரை போட்டால் பாதி நேரத்தில் முடியுமா என்றார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக இருபத்துநாலு மணி நேரம்தான், எல்லாம் ஒரே நேரத்தில்தான் இறுகுகிறது என்றேன். அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"நீங்க ஒருத்தர்தானே ஒட்டினீங்க? ரெண்டு பேரா ஒட்டியிருந்தா பன்னெண்டு மணி நேரத்துல செட் ஆகியிருக்காதா?"

பின்னாலிருந்து ஒரு பர்ர்

பெட்டி என்கிற அம்மாள் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே வாழ்கிறார். துணைக்கு ஒரு சாம்பல் நிறக் கிளி. அதன் பெயர் ஜட்ஜ். அவருடைய படுக்கைக்கு மேலே ஜன்னல் தட்டியின் பட்டை போய்விட்டது. நான் பழையதை உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, புதுசை ஒட்டி, உருளையால் அழுத்தினேன். கைப்பெட்டியை மூடத் திரும்பினேன். பின்னால் 'பர்ர்'. பட்டை பிரிகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் பட்டை வைத்த இடத்தில் இருக்கிறது. மறுபடி அழுத்தினேன். திரும்பினேன். 'பர்ர்.' மூன்றாவது தடவை எனக்கு வியர்த்துவிட்டது. விரலில் எண்ணெய்ப் பிசுக்கா, பட்டை மோசமா, எனக்குத்தான் காது கெட்டுவிட்டதா என்று ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் கூண்டைப் பார்த்தேன். ஜட்ஜ் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, என்னையே பார்த்தபடி அலகைத் திறந்து இன்னொரு 'பர்ர்' போட்டது. பழைய பட்டை இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்ததை உட்கார்ந்து கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறது.

தெரிந்துவிட்டது, இனி ஏமாற மாட்டேன் என்று நினைத்தேன். வேலையை முடித்து விடைபெற்று வெளிப்படியில் கால் வைக்கும்போது உள்ளே ஒரு 'பர்ர்'. என் கால்கள் என்னைக் கேட்காமலே திரும்ப ஏறி ஜன்னலுக்கு ஓடின. எதிரே பெட்டி அம்மாளும் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் பட்டைக்கு முன்னால் வந்து நின்றோம். அது ஜம்மென்று இருந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என் தோளைத் தட்டினார்:

"ரெண்டு வருஷமா நான் மட்டும் தனியா ஓடிட்டிருந்தேன் கண்ணு. இன்னைக்குத்தான் கூட ஓட ஒரு ஆள் கிடைச்சிருக்கு."

பிள்ளையாரின் முதுகு

கோபால் அங்கிளும் மீனா ஆன்டியும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நியூ ஜெர்சிக்குக் கிளம்ப இருந்தார்கள். பிரிட்ஜ்வாட்டரில் மகள் வீடு. போன பயணத்தில் ஃப்ரீவேயில் எவனோ குறுக்கே வர, அங்கிள் பிரேக் போட, மேசைக்கு மேலே தட்டில் இருந்த பித்தளைப் பிள்ளையார் நேராகக் கீழே இருந்த சாம்பாரில் இறங்கிவிட்டாராம். மூடி சரியாகப் போடாதது யார் என்பதில் இருவருக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருந்தது. "இந்தத் தடவை வெல்க்ரோ போட்டுடும்மா" என்றார் அங்கிள். தட்டுக்குப் பின்னால் பலகையில் சொரசொரப்புப் பட்டை, சுவாமி முதுகில் மெத்துப் பட்டை என்று நான் அளந்துகொண்டிருந்தேன். சுவாமிக்கு மெத்துப் பக்கம் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே கருத்து.

ஆன்டிக்கு மனசு ஒப்பவில்லை. "சுவாமி முதுகுல பசை தடவலாமா? அபிஷேகத்துக்கு எடுக்கும்போது பர்ர்னு பிய்ச்சா எடுக்கறது?" என்றார். முதுகில் வேண்டாம், பீடத்துக்கு அடியில் ஒட்டலாம் என்றேன். அடியில் ஒட்டினால் சுவாமி வெல்க்ரோ மேல் உட்கார்ந்த மாதிரி ஆகாதா என்றார். விவாதம் ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அங்கிள் தெரிந்த குருக்கள் ஒருவருக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சாம்பாரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அப்புறம் குருக்கள் குரல் நிதானமாக வந்தது:

"எல்லாருமா கார் டேஷ்போர்டுல பிள்ளையாரை ஒட்டிண்டேளே, அப்போ யாருமே எனக்கு போன் பண்ணலையே?"

வானிலை

என் வேலை அனுமதி அட்டைக்குக் காலாவதித் தேதி உண்டு. புதுப்பிக்க முன்கூட்டியே விண்ணப்பம் போட்டும், தேதி வந்தது, அட்டை வரவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு பட்டையைத் தொட்டாலும் சட்ட விரோதம். ரானுக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "நீ இங்கே இருக்கே. பட்டையும் இங்கே இருக்கு. அப்புறம் என்ன?" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டரை மாதமும் ஒரே பயம்தான். சின்ன விரல் உள்ளவர்கள் ஆஸ்டினில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரான் வேறு ஆளை வைத்துக்கொண்டால், மறுபடி ஒரு ஒன்பது வருஷம் ஆரம்பமாகிவிடும். தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பீட்சா கூப்பன் வந்தது. பல் டாக்டர் விளம்பரம் வந்தது. அட்டை வரவில்லை.

நாலாவது வாரம் ரான் போன் பண்ணினார். பேச்சே இல்லாத மனுஷர், எடுத்ததும் "இன்னைக்கு வானிலை எப்படி?" என்றார். யார்டு எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷம். இரண்டு பேருக்கும் ஒரே வானம்தான். "வெயில்" என்றேன். ஒரு கனைப்பு. "அங்கே பலகைப் பக்கம் வானிலை சொரசொரப்பா இருக்குமா, மெத்துனு இருக்குமா?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எதிரே காபி குடித்துக்கொண்டிருந்த என் கணவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "சொல்லிடாத! அட்வைஸ் பண்ணினா அதுவும் வேலைதான்!" அவரும் அவருடைய பச்சை அட்டை வரிசையில் நிற்கிறவர், பயம் நியாயம்தான். "ரான், வானிலையைப் பத்திக்கூட நான் இப்போ பேசக் கூடாது" என்றேன். "யெப்" என்று வைத்துவிட்டார்.

அட்டை வந்த அன்றைக்கே யார்டுக்கு ஓடினேன். வேலியோரம் பதினோரு டிரெய்லர் வரிசையாக நின்றது. எல்லாம் வெல்க்ரோ வேலை. ரான் ஒன்றில் மட்டும் கை வைத்திருந்தார். அதில் திரை தலைகீழாகத் தொங்கியது. வேறு யாரையும் வைக்கவில்லை. நான் வரிசையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் ஹேர் டிரையரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தார்:

"கொஞ்ச நாளா வானிலை ரொம்ப மோசம்."

தாராவின் திரை

பிரபுவையும் நித்யாவையும் டிரெய்லர் வாங்கிய புதிதில் யார்டில் ஒன்றாகப் பார்த்திருக்கிறேன். அப்புறம் பிரிந்துவிட்டார்கள். வீடு விற்றாயிற்று. டிரெய்லரை மட்டும் விற்கவில்லை, எங்கள் யார்டிலேயே நிறுத்தியிருந்தார்கள். ஒரு வாரக் கடைசியில் அப்பா, அடுத்த வாரக் கடைசியில் அம்மா என்று முறை வைத்து, மகள் தாராவை ஏரிப் பக்கம் கூட்டிப் போவார்கள். தாராவுக்கு ஒன்பது வயது. தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சுவரோரமாக அவளுக்கு ரயில் பெர்த் மாதிரி ஒரு பங்க் படுக்கை, அதற்கு ஒரு மஞ்சள் திரை.

அந்தத் திரையின் பட்டை விழுந்துவிட்டது என்று ஜூன் மாதம் பிரபு வந்தார். ஒட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் நித்யா வந்தாள். "அக்கா, அந்தத் திரையை யார் மறுபடி மாட்டினது? ரெண்டு நாளும் அதை இழுத்து மூடிண்டு உள்ளேயே இருந்தா. எடுத்துடுங்க." சூடு காட்டி, உரித்து, துடைத்து எடுத்தேன். அதற்கடுத்த வாரம் பிரபு: "திரை எங்கே? பாப்பா கேக்கறா." ஒட்டினேன். அதற்கடுத்த முறை நித்யா எனக்காகக் காத்திருக்காமல் கையாலேயே பிய்த்துவிட்டாள், காகிதமும் சேர்ந்து வந்தது. ஜூலை முடிவதற்குள் அந்த ஒரு இடத்தில் மட்டும் சுவர் உரிந்து, பலகை பழுப்பாகப் பல் இளித்தது. "அவர்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்று இவள், "அவகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று அவர். நடுவில் நான் தபால் ஆபீஸ்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். இருவரையும் மாலை ஐந்து மணிக்கு வரச் சொன்னேன், ஒருவர் வருவதை மற்றவருக்குச் சொல்லாமல். செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டு கார் வந்தது. யார்டே காலியாகக் கிடக்க, நடுவில் நாலு கார் நிறுத்தும் இடம் விட்டு நிறுத்தினார்கள். தாரா முதுகுப் பையோடு டிரெய்லர் படியில் வந்து உட்கார்ந்தாள். நான் சுவரைக் காட்டினேன். "இதுக்கு மேல இந்தப் பலகை தாங்காது. இன்னொரு தடவை ஒட்டினா அதுதான் கடைசி. ஒட்டணுமா வேண்டாமான்னு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுங்க."

"வேண்டாம்" என்றாள் நித்யா. "திரை இருந்தா அவ என்கிட்ட பேசறதே இல்லை."

"என்கிட்ட மட்டும் பேசறாளா?" என்றார் பிரபு. "உள்ளேயேதான் இருக்கா. கேக்கறாளேன்னு போட்டேன்."

இரண்டு பேரும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு மாதமாக நான் சுமந்த தபாலில் இந்த ஒரு வரி மட்டும் இல்லை. தாரா மற்றவரிடம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றே இருவரும் நினைத்திருக்கிறார்கள்.

நான் தாராவைக் கேட்டேன். "உனக்கு எப்படி வேணும் கண்ணு?" அவளை யாரும் அதுவரை கேட்கவில்லை என்பது கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவள் ஷூவின் பட்டையைப் பிரித்தாள், மூடினாள், பிரித்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், மெதுவாக: "திரை இல்லைன்னா நான் தூங்கறேன்னு நினைச்சுப் பக்கத்துல வந்து பார்க்கறாங்க. அப்புறம் அழறாங்க. அம்மாவும், அப்பாவும். நான் தூங்கலை. வெல்க்ரோ இருந்தா திறக்கும்போது சத்தம் வரும். ஸோ தே ஹாவ் டு ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட்."

பிரபு டிரெய்லர் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். நித்யா போய்ப் படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், கையைக்கூடப் பிடிக்காமல். நான் ஹேர் டிரையரைத் தேடிக்கொண்டு உள்ளே போனேன். அது என் கையில்தான் இருந்தது. பலகையைத் துடைத்துக் காயவிட்டு, பட்டையின் முனைகளைக் கிளம்பாதபடி வட்டமாக வெட்டி, என் வாழ்நாளில் எதையும் அழுத்தாத அழுத்து அழுத்தினேன். வேலைத் தாளில் அன்று இரண்டு கையெழுத்து விழுந்தது. ரான் பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். இப்போதெல்லாம் அவர்கள் அந்தத் திரைக்கு வெளியே நின்று "தாரா, திறக்கலாமா?" என்று கேட்கிறார்களாம். சில நேரம் "நோ" என்று வருமாம். ஆனால் அன்றைக்கு, நான் உருளையால் அழுத்திக்கொண்டிருந்தபோது, நித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்:

"நல்லா சத்தம் வர்ற மாதிரியே ஒட்டுங்கக்கா."

மொத்தத்தில், கீழே விழுந்ததைத் திரும்ப மேலே ஒட்டுவதைத் தவிர இந்தத் தொழிலில் ஒன்றுமே இல்லை என்றாலும், ஈரோட்டில் யாராவது விசாரித்தால் என் கணவர் 'இன்டீரியர் டிசைன்' என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் போனை வைத்துவிடுகிறார்.